நோஞ்சான் பூட்டு

"நான் வாங்கிக் குடுத்த பூட்டு எங்கக்கா?"

வாசல் கேட்டில் உடைந்து தொங்கிய பூட்டைப் பார்த்ததுமே ரவிச்சந்திரனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. யாரோ ஒரே திருகில் அதன் கதையை முடித்திருந்தார்கள். உள்ளே தூணோரம் நின்ற சைக்கிளைக் காணோம்.

மருதம்மாள் பிரிட்ஜின் மேலே கையைக் காட்டினாள். கேட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று என்று அவன் வாங்கிக் கொடுத்த இரண்டு பூட்டுகளும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அங்கே சும்மா கிடந்தன.

ரவிச்சந்திரன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஜோகூரில் வேலை பார்க்கும் உமாராணி, சுங்கை லாலாங்கில் தனியாக இருக்கும் தன் அம்மா மருதம்மாளின் வீட்டுக்கு அவனிடம்தான் இன்சூரன்ஸ் எடுத்திருந்தாள். தொழிற்சாலைக் கேண்டீன் வேலைக்கு அம்மா மிதித்துப் போகும் சைக்கிளும் அதில் அடக்கம்.

போன தடவை சைக்கிள் திருடு போனபோதே கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. கேட்டுக்கு வெட்ட முடியாத கனத்த பூட்டு, சைக்கிளைத் தூணோடு சேர்த்துப் பூட்டத் தடித்த சங்கிலிப் பூட்டு. இல்லையென்றால் கிளேம் கிடையாது. வயசான அம்மா கடை கடையாக அலைய வேண்டாமே என்று இவனே பீடோங் வரை போய், நல்லதாகப் பார்த்துத் தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்திருந்தான். உதவி செய்தவனுக்கு வரும் கோபம் தனி ரகம். அதுதான் இப்போது வந்திருந்தது.

"பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில விக்கிற இந்த நோஞ்சான் பூட்டைப் போய் யாராவது போடுவாங்களா? சின்னப் பிள்ளைகூட உடைச்சிடும்லா!"

"எனக்கு அது போதும் தம்பி."

"என்னக்கா போதும்? இது மூணாவது சைக்கிள். ஒரு காசு கிளேம் வராது, தெரியுமா?"

"வேணாம்பா. நான் கேக்கலையே. உமாதான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கும்."

ரவிச்சந்திரன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்களே சைக்கிளை வித்துட்டு, திருட்டுப் போச்சுன்னு நாடகம் போடுறதா இங்க பேசிக்கிறாங்க."

"பேசட்டும்."

சரியான கல்லுளிமங்கி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டான். இருந்தாலும் புத்தி சொல்லாமல் போக அவனுக்கு மனசு வரவில்லை.

"சரி, எனக்கென்ன. ஆனா இப்படிப் பேருக்குப் பூட்டு போட்டா திருடனுக்குத்தான் கொண்டாட்டம். பக்கத்துல எங்க தாமான் குடியிருப்பைப் பாருங்க. வீட்டுக்கு வீடு நல்ல பூட்டு. போன வருஷம் ஒருத்தன் சைக்கிள் திருட வந்து பூட்டை உடைக்க முடியாம மாட்டிக்கிட்டான். போதைக் கேஸு. லைட் கம்பத்துல கட்டிவச்சு எல்லாரும் சேர்ந்து சாத்துனோம் பாருங்க! நானே ரெண்டு போட்டேன். ஒருத்தரு இரும்புக் கம்பியால கால்ல விட்டாரு. ஐயோ, என்னா கத்து! போலிஸ் வந்து தூக்கிட்டுத்தான் போனாங்க. அப்புறம் ஒரு பய எட்டிப் பாக்கலையே!"

சொல்லிவிட்டு ரவிச்சந்திரன் சிரித்தான்.

மருதம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"இடது கால்தானே தம்பி?"

ரவிச்சந்திரன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"என் மவன்பா அவன். பரஞ்சோதி. சேரக்கூடாதவனுங்களோட சேர்ந்து இப்படி ஆயிட்டான். மறுவாழ்வு மையத்துல விட்டும் பாத்துட்டேன். வெளிய வந்து மறுபடியும் அதே வேலைதான். அந்தக் காலை இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் நடக்கிறான்."

"அக்கா... எனக்குத் தெரியாதுக்கா..."

"கையில காசு குடுக்கலாம்னா என் முகத்துல முழிக்க வெக்கப்படுறான். சோறு எடுத்து வச்சாலும் தொடமாட்டேங்கிறான். நான் தூங்குற நேரமாப் பாத்து வந்து சைக்கிளைத்தான் எடுத்துட்டுப் போறான். நானும் கால் வலியோட ரெண்டு மாசம் நடந்துட்டு, இன்னொரு சைக்கிள் வாங்கி வைக்கிறேன். இனி அவன் திருந்துவான்னு நம்பிக்கை இல்ல தம்பி. அடிபட்டுச் சாகாம இருந்தா போதும்."

ரவிச்சந்திரனுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியே மண்ணுக்குள் புதைந்துவிட்டால் தேவலை போலிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று தவித்தான்.

"அதுக்காக, பெத்த அம்மா நீங்களே அவன் திருடுறதுக்கு வழி பண்ணிக் குடுக்கலாமாக்கா?"

"பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? நான் நல்ல பூட்டாப் போட்டுட்டா, அவன் மறுபடியும் உங்க தாமானுக்குல்ல தம்பி வருவான்?"