பொட்டு வைத்த கீபோர்டு

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து கீபோர்டு உறைக்குள்ளேயே கிடந்தது. பக்கத்து வகுப்பில் டீச்சர் அதைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்துவதைக் கேட்கக் கேட்க அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னைப் பூட்டி வச்சுட்டு என் படத்தைக் காட்டுறாங்களே, வெட்கமா இல்லை இவங்களுக்கு?" என்று மவுஸிடம் சீறியது.

"பொறு, ஆயுத பூஜைக்குத் திறப்பாங்க" என்றது மவுஸ்.

திறந்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் மறையும்படி சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமப் பொட்டு வைத்தார்கள். பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு சிறுமி ஆசையாக விரலை நீட்டினாள்.

"தொடாதே, கெட்டுப்போயிடும்!" என்று அதட்டினார் டீச்சர்.

"கும்பிட்டது போதும், என்னைத் தட்டுங்கடா!" என்று கீபோர்டு கத்தக் கத்த, மறுபடியும் உறையை மாட்டினார்கள்.

அடுத்த பரீட்சையில் கீபோர்டு படம் வரையச் சொன்னார்கள். அந்தச் சிறுமி எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகப் பொட்டு வைத்திருந்தாள்.