நூல் கோக்கிற கண்

"யாரைக் கேட்டு என் பொண்ணு கண்ணுல கை வெச்சீங்க?"

டெய்லர் போட்ட சத்தத்தில், கண் பரிசோதனைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் கப்சிப் ஆனார்கள்.

அவருக்கு இந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் பழைய கடுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீருடைத் தையலை அவரிடமிருந்து பிடுங்கி வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். பாக்கெட் கோணலாம். தையல் ஓடுதாம். அவர் கைக்கா கோணல் வரும்? இங்கே எதைச் செய்தாலும் உள்ளே சூது இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

நேற்று மகள் ஒரு சீட்டை நீட்டி, "அப்பா, எனக்குக் கண்ணாடி போடணுமாம்" என்றாள். அவ்வளவுதான், சீட்டைப் பிரிக்காமலே கிளம்பி வந்துவிட்டார்.

"உக்காருங்க சார். டாக்டரம்மாதான் உங்களைப் பாக்கணும்னு..." என்று வகுப்பு டீச்சர் ஆரம்பித்தார்.

"எல்லாம் தெரியும் டீச்சர். தினமும் முட்டை, கேரட்டுன்னு கொடுத்து முதல்ல வளைச்சுப் போடறது. அப்புறம் கண்ணு சரியில்லைன்னு கண்ணாடி தலையில கட்டறது. குழந்தைக்கே உங்க மேல நம்பிக்கையில்லை. நீங்க கொடுக்கிற கேரட்டை அவ தொடறதுகூட இல்லை, தெரியுமா?"

"டப்பாவுல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வர்றாளே, அதை என்ன பண்றீங்க?"

"வீணாக்குவானேன்னு நான் தின்னுடறேன். என் வாயைக் கிளறாதீங்க."

பக்கத்தில் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சார், பொண்ணு கண்ணு நல்லாயிருக்குன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

இதற்காகத்தானே காத்திருந்தார்! சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவினார். பையிலிருந்து நூலை எடுத்தார்.

"சின்னக்குட்டி, இங்க வா. கோத்துக் காட்டு."

டீச்சரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மகள் தயங்கித் தயங்கி வந்தாள். நூல் நுனியை உதட்டில் வைத்து நனைத்தாள். ஒரே போடு. நூல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா? கடையில எனக்கு ஊசி கோத்துக் கொடுக்கிறதே இவதான். பத்து வயசு! இந்தக் கண்ணுக்குக் கண்ணாடியா? நல்ல கண்ணுல கண்ணாடியை மாட்டினா உள்ள பார்வையும் போயிடும். பொம்பளப் புள்ளைங்க, நாளைக்கு யார் பதில் சொல்றது?"

"எனக்கும் அதே சந்தேகம்தான் சார்" என்றார் டாக்டரம்மா. "சுவத்துல இருக்கிற அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சிட்டா. மெஷின்ல பாத்தாலும் ஒரு பழுதும் இல்லை. ஆனா புத்தகத்தைக் கையில கொடுத்தா மட்டும், எழுத்து கலங்குதுங்கறா. இந்தக் கோளாறு நாப்பது தாண்டினவங்களுக்கு வர்றது."

டெய்லர் அதே சந்தேகத்தை அப்படியே மகள் பக்கம் திருப்பினார்.

"அப்ப, பொய்யா சொன்னே? கண்ணாடி போட்டா அழகாயிருக்கும்னு எவடி சொல்லிக் கொடுத்தா?"

மகள் கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவளைத் திட்டாதீங்க. நான் கண்ணாடியே எழுதலை. சீட்டுல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க."

டெய்லர் வீறாப்பாகச் சீட்டைப் பிரித்தார். முகத்துக்கு நேரே பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, கை போகிற மட்டும் நீட்டினார்.

"என்ன கையெழுத்து இது, கோழி கிறுக்கின மாதிரி..."

"அது அச்சடிச்ச சீட்டு சார்" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "உங்க பொண்ணும் இப்படியேதான் புத்தகத்தைப் பிடிச்சா. தலையைச் சாய்ச்சு, ஒத்தைக் கண்ணைச் சுருக்கி... அச்சு அசலா இதேதான்."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. டெய்லர் மகளைப் பார்த்தார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. டாக்டரம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"பெரிய சைஸா கொடுங்க டாக்டர். எங்கப்பாவுக்கு மூஞ்சி அகலம்."