பிசிறு தேய்க்கும் கை

சேரப்பணஞ்சேரி லைன் வீடுகளின் பொதுக் குழாயடியில், நைட் ஷிப்ட் முடிந்து வந்த இசக்கிதுரை யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஐந்து வயது மகள் கனிஷ்காவின் தாடையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறான். நேற்றுப் பள்ளிக்கூடத்தில் பல் பார்த்த டாக்டர், நாலு சொத்தை, பல் தேய்க்கச் சொல்லித்தர வீட்டில் ஆளே இல்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். மனைவி பாண்டிச்செல்வி அதைச் சொன்னதிலிருந்து அவனுக்குள் கொதிக்கிறது. "வாயத் தொற. இப்படித்தான் தேய்க்கணும், பாத்துக்கோ." கம்பெனியில் வார்ப்பு இரும்பின் பிசிறைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுக்கும் கை அது, இறுக்கிப் பிடித்து, பளபளக்கும்வரை அழுத்தித் தேய்ப்பதைத் தவிர வேறு எதுவும் அதற்குப் பழக்கமில்லை. சின்னப் பிரஷின் நார்கள் மடங்கி விரிகின்றன. பிள்ளையின் பின்மண்டை சிமென்ட் தொட்டியில் இடிக்கிறது. வெள்ளை நுரை ரோஜா நிறமாகி, பிறகு சிவந்து, அவன் மணிக்கட்டு வழியே நீலச் சட்டைக் கைக்குள் இறங்குகிறது. "யோவ், கொயந்தைய சாவடிக்கப் போறியா?" குடத்தை நங்கென்று வைத்துவிட்டுக் கத்துகிறாள் வீட்டுக்காரம்மா சரோஜா. "எம்பிள்ளைக்கு நான் சொல்லிக்குடுக்கேன். ஒங்க சோலியப் பாருங்க." "விடுங்க, ரெத்தம் வருது!" என்று கையைப் பிடித்து இழுக்கும் பாண்டிச்செல்வியை முழங்கையால் தள்ளுகிறான். அந்தத் தள்ளலில் பிரஷ் படக்கென்று ஒடிகிறது. பாதி அவன் கையில், பாதி பிள்ளையின் வாயில். குழாய்த் தண்ணீர் மட்டும் குடத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. வாயிலிருந்த பிரஷ் துண்டை அவன் மெல்ல எடுத்துப் போட்டுவிட்டு, மகளின் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்குகிறான். கனிஷ்கா கண்களை இறுக மூடிக்கொண்டு, வாயை அகலமாகத் திறக்கிறாள்.