தண்டபாணியின் பெல்ட்டு

"என் கழுத்த அறுக்கிறது நீதான்டா!" என்று கீழ்வீட்டுத் தண்டபாணி கத்தினார்.

"நான் என் மூஞ்சிய வழிச்சிக்கினு இருக்கேன். உங்களுக்கு இன்னாங்க வந்துச்சி?" என்று மாடிவீட்டு இளவழகன் திருப்பிக் கத்தினான்.

பத்தொன்பதாம் பிளாக்கில் ஒரு வாரமாக இதே சண்டைதான். துணி காயப்போடும் சாக்கில் நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

இளவழகன் ஆன்லைனில் வாங்கிய புதுச் சவரக்கத்தி முடியைப் பிடுங்கியது. கல்லில் தீட்டியபின் தோலில் இழுத்தால்தான் பதமாகும் என்று யாரோ சொல்ல, தண்டபாணி பத்து வருஷம் இடுப்பில் கட்டிய தோல் பெல்ட்டை இரவல் வாங்கினான். அதற்கப்புறம் கத்தி வெண்ணெயாக வழுக்கியது. அவன் முகத்தில் ஒரு கீறல் இல்லை. அவன் வழிக்க வழிக்க, கீழே தண்டபாணியின் தாடையில் கோடு கோடாக ரத்தம் கசிந்தது.

"பெல்ட்டக் குடுத்துடு."

"இன்னும் பதம் வரலைங்கண்ணே."

மறுநாள் காலை, நைட் ஷிப்டு முடிந்து வந்த தண்டபாணி நேராக மாடியேறினார். கத்தியைப் பிடுங்கி இளவழகனின் கழுத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். அவன் கழுத்தில் சோப்பு நுரை மட்டும்தான் விலகியது. தண்டபாணியின் கழுத்து காதுக்குக் காது பிளந்தது. கத்தி அவர் கையிலேயே இருந்ததால் தற்கொலை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர் மனைவி கற்பகவல்லி கம்மாபுரத்துத் தாய்வீட்டுக்கே போய்விட்டாள். இளவழகனுக்குத் தை மாசம் பக்கத்து ஊர் வடக்குத்தில் கல்யாணம். மாப்பிள்ளை முகம் பளபளவென்றிருந்தது. இப்போது மாமனாரின் பெல்ட்டில் தீட்டுகிறானாம். சித்திரை வெயிலிலும் அந்த மனுஷன் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் கடைக்கு வருகிறார்.