அகலமான கல்யாணம்

"எல்லாரும் குண்டா தெரியறாங்க சார். ஒரு நிமிஷம் இருங்க, சரி பண்ணிடறேன்," என்றான் மாதேஷ்.

"வேணாம்ப்பா. இப்படியே நல்லாத்தான் இருக்கு," என்றார் வெள்ளைச்சாமி.

மாதேஷ் ரிமோட்டும் கையுமாகத் திரும்பிப் பார்த்தான். ஓசூரில் எல்சிடி டிவி விற்கத் தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பவன் அவன். இங்கேயும் மாட்டி முடித்தாயிற்று. சட்டத்தின் மேல் சந்தனம் குங்குமம்கூட வைத்துவிட்டார்கள். போட்டுப் பார்க்க ஏதாவது சிடி இருக்கிறதா என்று கேட்டதும், வெள்ளைச்சாமியின் மகள் ரஞ்சிதா ஓடிப்போய்த் தன் கல்யாண சிடியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பழைய சதுர டிவிக்காக எடுத்த படம். அகலத் திரையில் அது பக்கவாட்டில் இழுபட்டு, மாப்பிள்ளை முனிராஜ் பயில்வானாக நின்றார். தாம்பாளம் முட்டை வடிவத்தில் இருந்தது.

"அய்யய்ய, என்னைப் பாருங்க, தவில் மாதிரி இருக்கேன்," என்று சிரித்தாள் ரஞ்சிதா. "அப்பா கெடக்கறாரு, நீங்க மாத்துங்கண்ணா."

மாதேஷ் பொத்தானை அழுத்தினான். படம் சதுரமாகச் சுருங்கி நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் கறுப்பாகிவிட்டது. அவரவர் உடம்பு அவரவருக்குத் திரும்பக் கிடைத்தது.

வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இம்புட்டுப் பெரிய டிவி வாங்குனது ரெண்டு பக்கமும் கறுப்பப் பாக்கவா?" என்று சொல்லிக்கொண்டே வாசல்படிக்குப் போய் நின்றார்.

இந்த மாதிரி ஆட்களை மாதேஷ் நிறையப் பார்த்திருக்கிறான். வாங்கிய டிவியில் மூலைமுடுக்கெல்லாம் படம் தெரிந்தாக வேண்டும் அவர்களுக்கு.

"அப்ப இது எப்படின்னு பாருங்க சார்," என்று வேறொரு பொத்தானை அழுத்தினான். திரை நிறைந்தது, யாரும் குண்டாகவும் இல்லை. ஆனால் மேலேயும் கீழேயும் படம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

"மாப்பிள்ளைக்குத் தலையவே காணோம். தாலிய யாரு கட்டுறது?" என்றார் வெள்ளைச்சாமி வாசலிலிருந்தே.

மாதேஷ் மறுபடி சதுரத்துக்கே வந்தான். "இதுதாங்க சரியான படம்." வெள்ளைச்சாமி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரஞ்சிதாவின் சிரிப்பு நின்றுபோனது.

"விடுங்கண்ணா, டிவி மேல ஒண்ணும் தப்பில்ல. ஆறு வருஷமாச்சு, எங்கப்பா என் கல்யாண சிடிய ஒரு தடவகூட உக்காந்து பாத்ததில்ல. போட்டாலே எந்திரிச்சுப் போயிடுவாரு. எங்க வீட்டுக்காரரு வீட்ல தெலுங்கு பேசறவங்க, நானா புடிச்ச மாப்பிள்ளை. அப்பா சரின்னாரு, அவசர அவசரமா ஒரே மாசத்துல கல்யாணத்தயும் முடிச்சாரு. மனசாரப் பண்ணியிருந்தா ஒரு தடவயாவது பாக்க மாட்டாரா?"

 வெள்ளைச்சாமி திரும்பவில்லை. அடுத்த வீட்டுக்காரர்களின் சங்கதி காதில் விழுந்தவன் போல மாதேஷுக்குக் கூச்சமாக இருந்தது.

"சார், நீங்க வந்து உக்காருங்க. பழையபடியே வெச்சுடறேன்," என்று படத்தை மீண்டும் அகலமாக்கினான்.

வெள்ளைச்சாமி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு இல்லாமல், முன்னால் சாய்ந்து கண்கொட்டாமல் பார்க்கவும் தொடங்கினார். பக்கத்திலிருந்த மைசூர்பாகு டப்பாவை மாதேஷிடம் நீட்டினார்.

"எடுத்துக்கப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு நல்ல நாளு."

"டிவி வாங்குனா ஸ்வீட்டு குடுக்கறது வழக்கந்தானுங்க," என்று சிரித்தபடி மாதேஷ் ஒரு துண்டை எடுத்துக்கொண்டான்.

"வாங்கணும்னு போகல தம்பி. காலைல பெங்களூர் போயிட்டு வந்தோம். பஸ்ஸ விட்டு எறங்குனதும் நேரா டிவி கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு," என்றபடி வெள்ளைச்சாமியின் மனைவி தங்கமணி காபி டம்ளர்களோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூசினாற்போல நல்ல உடம்பு. உட்கார்ந்ததும் சோபா ஒரு பக்கம் அமுங்கியது.

திரையில் பெண்ணைத் தாரைவார்க்கும் நேரம். அரக்குப் பட்டுச் சேலையில், முக்காடு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் தங்கமணி.

"ஆறு வருஷத்துல அம்மா கொஞ்சங்கூட மாறலைங்க. அப்ப இருந்த மாதிரியே இருக்கீங்க," என்றான் மாதேஷ்.

தங்கமணி சிரித்தாள். "அது உங்க டிவி பண்ற வேல தம்பி."

ரஞ்சிதா சட்டென்று திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மாதேஷின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி அழுத்தினாள்.

இரண்டு பக்கமும் கறுப்பு வந்தது. நாற்காலியில் இருந்த தங்கமணி எலும்பும் தோலுமாக ஒடுங்கிப்போனாள். முக்காடு விலகிய இடத்தில் முடி இல்லை. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

வெள்ளைச்சாமி எழுந்துவிட்டார்.

"உன் கல்யாணத்துல எனக்கு ஒரு கொறையும் இல்ல தாயி. உங்கம்மா தீபாவளி வரைக்கும் தாங்க மாட்டான்னு டாக்டர் சொன்னதாலதான், உங்கிட்டகூடச் சொல்லாம அம்புட்டு அவசரப்பட்டேன். அதே டாக்டரு இன்னைக்குக் காலைல, நோய் சுத்தமாப் போயிருச்சு, இனி வரவே வேணாம்னுட்டாரு. இவள இந்தக் கோலத்துல மட்டும் என்னால பாக்க முடியல."

ரஞ்சிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். திரையில் தங்கமணிக்கு மறுபடி சதை பிடித்தது. வெள்ளைச்சாமி உட்கார்ந்து, பக்கத்திலிருந்த தங்கமணியிடம் காபியை வாங்கிக்கொண்டு, மகளின் கல்யாணத்தை முதல் தடவையாகக் கடைசிவரை பார்த்தார்.