ஐம்பது காசு மாலை

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி எட்டு நாளாக விரதம் இருக்கும் முனியாண்டி, சமையலறை மூலையில் குந்தி, நெத்திலிச் சம்பாலுக்குள் நாலு விரலையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அதை அவர் மனைவி பாப்பம்மா பார்த்துவிட்டாள்.

"நாளைக்குத் திருவிழா. இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியலயா உங்களுக்கு?" என்றவள், கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். முனியாண்டி கையை எடுக்கவில்லை. தேடியது விரலில் தட்டுப்பட்டிருந்தது.

கழுவித் துடைத்துப் பார்த்தார். ஐம்பது காசு. ஒரு பக்கம் செம்பருத்திப் பூ. திருப்பினார். அந்தப் பக்கமும் செம்பருத்திப் பூ.

கொண்டுவந்தது மாப்பிள்ளை வசந்தன். தெற்கே, காசு அடிக்கிற கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், அவருக்கு வேலை. தப்பாக அச்சான காசுகளைப் பொறுக்கி உருக்குவதற்கு அனுப்ப வேண்டும். கேட்டில் இருக்கிற மெஷின் கத்தத்தான் கத்தியதாம். எவர்சில்வர் டிபன் கேரியரைப் பார்த்தால் அது தினமும் கத்தும். காவல்காரர் மூடியைத் திறந்து, மூன்று நாள் சம்பாலின் வாசத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தாமே மூடிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

"வெஷயம் வெளிய போச்சுன்னா நான் உள்ள போயிருவேன் மாமா," என்றார் வசந்தன்.

"என் உசுரு போனாலும் வாயத் திறக்க மாட்டேன் மாப்பிள்ள," என்றார் முனியாண்டி.

எல்லாம் அந்த முதல் மாலைக்காகத்தான். சிடாம் கிரி எஸ்டேட் கோயிலில், தேர் கிளம்பும் முன் அம்மன் கழுத்து மாலையைக் கழற்றி ஒருவருக்குப் போடுவார்கள். அது தங்கள் குடும்பத்துக்குத்தான் என்று முனியாண்டியும், சுங்கை பட்டாணியில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருக்கும் குழந்தைவேலுவும் ஒரு வருஷம் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தேர் கிளம்பாமல் நாலு மணி நேரம் அம்மன் நடுரோட்டில் வெயிலில் நின்றாள். அதற்குப் பிறகு, காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்வது என்று கமிட்டி சொல்லிவிட்டது.

மலேசியக் காசில் தலை ஏது? ஒரு பக்கம் பூ, மறுபக்கம் பின்னல் கோலம். ஆனாலும் பூவா தலையா என்றே கேட்டுப் பழகிய வாய்கள், கோலத்துக்குத் தலை என்று பேர் வைத்துவிட்டன. குழந்தைவேலு தலை கேட்பார், தலை விழும். ஏழு வருஷமாக இதே கதை. கல்யாண வீட்டில்கூட, "என்னண்ணே, இந்த வருஷமும் பூ பூக்கலயா?" என்று கேட்டு முனியாண்டியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

உருக்கப்போகிற காசுதானே, இது திருட்டில் சேராது என்று அம்மன் படத்திடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார் முனியாண்டி.

மாப்பிள்ளையும் சும்மா தரவில்லை. மோட்டாரில் அத்தனை தூரம் மழையில் நனைந்து வருவது உடம்புக்கு ஆகவில்லை என்று இழுத்தார். வேலைக்குச் சேர்ந்த வருஷமே அந்தப் பெரிய மோட்டாரை வாங்கிக் காட்டிய கெட்டிக்காரர் என்று முனியாண்டி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார். குறிப்பு புரிந்தது. தம்முடைய நாலு கதவுக் காடியின் சாவியை எடுத்துக் கொடுத்தார். நாளைக்கு வேலை இருக்கிறது என்று வசந்தன் மோட்டாரை வாசலிலேயே விட்டுவிட்டுக் காடியில் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை கோயிலில் நிற்க இடமில்லை. குழந்தைவேலு வழக்கம்போல ஜிப்பாப் பைக்குள் கையை விட்டார். முனியாண்டி முந்திக்கொண்டார்.

"ஏழு வருஷம் அவரு காசதான் சுண்டுனோம். இந்தத் தடவ என் காச சுண்டுவோம் லா. எனக்கு எப்பவும்போல பூ."

கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். குழந்தைவேலுவின் முகம் கறுத்தது. அத்தனை பேர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? பைக்குள் போன கை வெறுமனே வெளியே வந்தது.

பூசாரி சுண்டினார். காசு உருண்டு, சுழன்று, குத்துவிளக்குப் பக்கம் போய்ப் படுத்தது. மொத்தக் கோயிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, முனியாண்டி மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பூ," என்றார் பூசாரி.

மேளம் முழங்கியது. மாலை கழுத்தில் விழுந்ததும் முனியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷ அவமானம் அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்தது. பாப்பம்மாகூடச் சம்பாலை மறந்துவிட்டுச் சிரித்தாள்.

அப்புறம்தான் காசின் ஞாபகம் வந்தது. அதற்குள் குழந்தைவேலு குனிந்து எடுத்துவிட்டிருந்தார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

முனியாண்டி மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்த மனிதர் ஒரு சத்தம் போட்டால் போதும். மாலை போகும், மானம் போகும், மாப்பிள்ளை கம்பி எண்ணுவார், மகள் குணசுந்தரி பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

குழந்தைவேலு சத்தம் போடவில்லை. மாலையைச் சரிசெய்கிற மாதிரி நெருங்கி வந்து, முனியாண்டியின் உள்ளங்கையில் இரண்டு காசுகளை வைத்து அழுத்தினார். ஒன்று முனியாண்டியின் காசு. இன்னொன்று அவருடைய ஜிப்பாப் பையிலிருந்து வந்தது. அதில் ஒரு பக்கம் கோலம். திருப்பினால், அந்தப் பக்கமும் கோலம்.

"இந்தக் காசுக்கு, ஏழு வருஷம் முன்னாடி, என் கடையிலருந்து ஒரு மோட்டார் எடுத்துக்கிட்டாரு உங்க மாப்பிள்ள," என்றார் காதோரமாக. "உங்ககிட்ட என்னண்ணே, காடியா?"