காசியின் இடது கண்

புதூர்நாட்டில் மாலை வெயில் சாய்ந்து, வாசலில் குவித்திருக்கும் புளியம்பழத்தின் மேல் விழுகிறது. காசி பழத்தை உடைத்து ஓட்டை உதறிக்கொண்டிருக்கிறான். எதிரே அவன் மனைவி ரேணுகாதேவி, மடியில் அட்டையும் தாளும், கையில் பென்சில். அவள் வரைந்த தன் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். "இன்னாடி, கண்ணீர் அஞ்சலி போஸ்டராட்டம் கீது? மாலை ஒண்ணுதான் கொறச்சல்." அவளுக்குச் சுருக்கென்கிறது. மூக்கு சரி, மீசை சரி, கண்கள் இரண்டும் ஒரே அளவு. செல்போனில் பார்த்துக் கற்றபடி அளந்து போட்டதுதான் எல்லாம். "நீ பேப்பரையே பார்க்கிற. என்னைப் பாரு," என்கிறான். புதுத் தாளை வைத்துக்கொண்டு நிமிர்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்ததில்லை. கூச்சத்தில் காது சுடுகிறது. அவன் ஒரு சுளையை வாயில் போடுகிறான். புளிப்பு ஏறியதும் இடது கண் மட்டும் சுருங்குகிறது, அந்தப் பக்கத்து உதடும் கூடவே மேலேறுகிறது. பென்சில் நிற்காமல் ஓடுகிறது. வரைந்து முடித்ததும் காசி தாளை வாங்கி வெயிலில் பிடிக்கிறான். இப்போது சிரிப்பில்லை.

"என் கண்ணு இப்டியா கோணிக்கும்?"

"ஆமாங்க."

"எப்பேர்ந்து?"

அவள் பென்சில் முனையைப் பார்க்கிறாள். "தெரியலீங்க. இன்னிக்குத்தான் பார்த்தேன்."